பட்டை சேர்த்தால் கிராஸ் போகும்



பத்து மூட்டை கூடுதலாக ஏற்றலாம் என்ற ஆசையில், என் சிறிய சரக்கு வண்டியின் பின்பக்கம் இரண்டு பட்டை சேர்த்தேன். இரண்டே மாதத்தில், எண்ணூர் விரைவுச் சாலையில் அரிசி மூட்டைகளோடு வண்டி நின்றுவிட்டது. கிராஸ் ஜாயிண்ட் உடைந்திருந்தது. மிச்சம் பிடித்த வாடகையெல்லாம் மாற்று வண்டிக்கும் பழுதுக்கும் போயிற்று.

கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் கிராஸ் உண்டு. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் உயரும். ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். சாய்ந்து சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை கூடிக் குறையும். இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டும். மாறினால் அதிர்வுதான். உயர்த்திக் கட்டிய ஜீப்புகளுக்கும் இதே தொல்லை.

சுமையில்லாமல் ஓடும்போது அதிர்வு, வண்டி கிளம்பும்போது 'டக்' என்ற சத்தம் — இவையே அறிகுறிகள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; கிராஸுக்குத் தவறாமல் கிரீஸ் அடியுங்கள்.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆகவே சேர்த்த பட்டையைக் கழற்றுங்கள். ஒரு நடை கூடப் போவது நஷ்டமல்ல.