எல்லாரும் நிற்கிறோம், யார் பார்ப்பது?

அன்புள்ள பெறாமகளுக்கு,

இந்த ஆகஸ்டில் குடும்பம் முழுவதையும் கூடாரமடிக்கக் கூட்டிப்போகும் பொறுப்பை நீ எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். பெரியம்மாவுக்கு அதில் பெரிய சந்தோசம். ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் என்று சிதறி இருக்கிற சொந்தங்கள் கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் மட்டும் முகம் பார்த்துக்கொள்கிற காலம் இது. மூன்று இரவு ஒரே நெருப்பைச் சுற்றி இருந்தால், பெயர் மட்டும் தெரிந்த மச்சாளும் மச்சானும் உண்மையிலேயே சொந்தமாகிவிடுவார்கள்.

ஆனால் ஐந்து பேர் போகிற பயணமும் முப்பது பேர் போகிற பயணமும் ஒன்றல்ல. ஐந்து பேரில் யார் என்ன செய்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். முப்பது பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். இது தமிழருக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. ஜோன் டார்லி, பிப் லட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயோர்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரலைக் கேட்க வைத்தார்கள். தன் காதில் மட்டும்தான் அது விழுகிறது என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குமுன் எழும்பிப்போய் ஆள் கூப்பிட்டார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் எழும்பினார்கள். அவர்கள் நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் அல்ல. அந்த வேலை யாருடையது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிள்ளை, ஆகையால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘எல்லாரும் சேர்ந்து செய்வோம்’ என்ற பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

முன்பதிவு செய்யும்போதே இதைத் தொடங்கலாம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் கூடாரமடிக்கும் இடங்கள், போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் தொடக்கத்து நீண்ட வார இறுதிக்கு மார்ச் தொடக்கத்திலேயே கணினி முன்னால் குந்த வேண்டும். ஓர் இடத்துக்குப் பொதுவாக ஆறு பேர் என்பது விதி. முப்பது பேருக்கு அடுத்தடுத்த ஐந்து இடங்கள் வேண்டும். ஒருவரே ஐந்தையும் பிடிக்க முயன்றால், இரண்டாவதைப் பிடிக்கும்போது மிச்சம் போய்விடும். ஐந்து பெடியளுக்கு ஐந்து இலக்கங்களை முதல்நாளே பிரித்துக் கொடுத்தால் காரியம் முடியும். மேலதிக வாகனங்களுக்கு வேறாக அனுமதி எடுக்க வேண்டும். அதையும் ஒருவர் தலையில் கட்டிவிட வேண்டியதுதான்.

மே மாதக் கடைசியில் அல்கோன்குயின் மாகாணப் பூங்காப் பக்கம் போவோம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை அங்கே கறுப்பு ஈயின் ஆட்சி. சின்னப் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரச் செய்துவிடும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விசயம், தண்ணீர்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர்கள் நிற்பதில்லை. நகரத்து நீச்சல் தடாகத்தில் உயரக் கதிரையில் ஒருவர் இருப்பதைப் பார்த்துப் பழகிய குடும்பங்கள் இதைக் கவனிப்பதே இல்லை. தண்ணீரில் தாழ்கிறவர் கை வீசிக் கத்துவார் என்று திரைப்படங்கள் நம்ப வைத்திருக்கின்றன. நியூயோர்க்கின் ஓர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, தாழ்கிறவர்களைப் படம்பிடித்துப் பார்த்து அது அப்படி அல்ல என்று காட்டினார். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தச் சிறு நேரம் மூச்சு இழுக்கவே போதாது. கூப்பிடுவதற்குக் குரல் வராது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், தலைக்குமேல் உயராது. 20 முதல் 60 வினாடிக்குள் ஆள் உள்ளே போய்விடலாம். கரையில் இருப்பவருக்குப் பிள்ளை நின்ற இடத்தில் விளையாடுவதுபோலவே தெரியும்.

கரையில் பன்னிரண்டு பெரியவர்கள் பாய் விரித்து இருந்து கதைக்கிறார்கள், எட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் நிற்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளை யாருமே பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு சிவப்புத் தொப்பி போதும். தொப்பி போட்டவர் இருபது நிமிடம் தண்ணீரை மட்டும் பார்ப்பார். அவருடைய கைத்தொலைபேசி இன்னொருவர் கையில் இருக்கும். முறை முடிந்ததும் தொப்பியை மணலில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. அடுத்தவரின் கண்ணைப் பார்த்து ‘இனி நீங்கள் பாருங்கோ’ என்று சொல்லி, அவர் வாயால் ‘ஓம், நான் பார்க்கிறேன்’ என்று கேட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். பியர் குடித்தவருக்கு அன்றைக்குத் தொப்பி இல்லை. மூத்த மாமா என்றாலும் இல்லை. இதைச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால், பெரியம்மா போட்ட விதி என்று சொல்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு, பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான், மிதவை அங்கி கட்டாயம். பல பூங்காக்களில் அதை இரவலாகவே தருகிறார்கள். காற்றடைத்த முதலை, அன்னம் எல்லாம் மிதவை அங்கிக்கு ஈடல்ல. சாண்ட்பேங்க்ஸ் போன்ற பெரிய ஏரிக்கரையில் நிலத்திலிருந்து காற்று வீசினால், அவை பிள்ளையையும் சுமந்துகொண்டு ஆழத்துக்குப் போய்விடும்.

அடுத்தது குசினி. கூட்டுக் குடும்பங்களின் கூடாரப் பயணத்தை ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்த்தால் தெரிவது இதுதான். இரண்டு அடுப்புள்ள ஒரு புரொபேன் குக்கர். காற்று சுவாலையைச் சாய்க்கிறது. ஒரு மாமி பிளாஸ்டிக் தட்டால் அதை மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முப்பது பேருக்குச் சோறு அவிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கறி இறங்கும்போது பிள்ளைகள் பசியில் அழுகிறார்கள். சாப்பிட்டு, சட்டி கழுவி முடிக்கும்போது தேத்தண்ணிக்கு நேரமாகிவிடுகிறது. ஏரி ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறது. அந்த மாமியின் கால் மட்டும் கடைசிவரை நனைவதில்லை. இது அநியாயம். வீட்டில் நடப்பதையே காட்டுக்குள்ளும் கொண்டுபோய் நடத்துவதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

முதல் இரவுக்கான ஆட்டிறைச்சிக் கறியை வீட்டிலேயே சமைத்துத் தட்டையான பைகளில் உறையவைத்துக் கொண்டுபோனால், அதுவே ஐஸ்கட்டி வேலையும் பார்க்கும். அதற்குப் பாணோ ரொட்டியோ போதும். ஒவ்வொரு வேளைக்கும் நாலு பேர் கொண்ட ஓர் அணியைப் போட வேண்டும். அதில் பாதிப் பேர் ஆண்கள். அவர்களே கழுவியும் வைப்பார்கள். காலையில் முட்டையும் பாணும் சீனிச்சம்பலும் தர மாமாமாருக்குத் தெரியாதா என்ன! குளிர்பானத்துக்கு வேறு கூலர், இறைச்சிக்கு வேறு கூலர். ஒன்றாக வைத்தால், பிள்ளைகள் ஜூஸ் எடுக்கத் திறந்து திறந்து மாலைக்குள் ஐஸ் முழுவதும் தண்ணீராகிவிடும். சமைத்த உணவு 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. சோறுதான் இதில் ஏமாற்றும். மணம் மாறாமலே வயிற்றைக் கெடுக்கும்.

மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுக்க ஒருவரையும் விடாதே. கரி அடுப்பும் அப்படியே. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பெரிய தார்ப்பாய் ஒன்றை முதல்நாளே மேசைக்கு மேலே கட்டிவிட்டால் இந்த யோசனையே யாருக்கும் வராது.

அல்கோன்குயினில் கருங்கரடிகள் உண்டு. மணமுள்ள எல்லாமே, பற்பசையும் கருவாட்டுப் பொதியும் உட்பட, இரவில் வாகனத்துக்குள் போய்விட வேண்டும். இந்த வேலையைப் பதின்வயதுப் பெடியள் இருவரிடம் கொடு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்து இடங்களையும் சுற்றிவர அவர்கள் சண்டை பிடித்துக்கொண்டு முன்வருவார்கள். விறகை ரொறொன்ரோவிலிருந்து ஏற்ற வேண்டாம், அங்கேயே வாங்கு. 2002-இல் வின்சரில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு, ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொன்றபடி இவ்வளவு தூரம் பரவியதில் மனிதர் ஏற்றிச்சென்ற விறகுக்கும் பங்கு உண்டு.

அப்பம்மாவை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். கட்டாயம் கூட்டிப்போ. காற்று மெத்தையில் மட்டும் படுக்க வைக்காதே. முழங்கால் நோவுள்ளவர் நிலத்தோடு கிடக்கிற மெத்தையிலிருந்து நள்ளிரவில் எழும்ப முடியாது. மடக்குக் கட்டில் கொண்டுபோகலாம். அதைவிட நல்லது, அல்கோன்குயினின் மியூ ஏரிப் பக்கம் யூர்ட் என்ற வட்டக் கூடாரங்கள் இருக்கின்றன. உள்ளே கட்டிலும் மின்சூடாக்கியும் உண்டு. ஆகஸ்டிலும் அங்கே விடியப்புறம் குளிரும். இடம் கழிப்பறைக்குக் கிட்ட இருக்க வேண்டும். துணைக்குப் போக ஒரு பேத்தியின் பெயரும் குறித்திருக்க வேண்டும்.

நடக்க முடியாதவர்களும் சேர்ந்து அனுபவிக்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஆகஸ்ட் வியாழக்கிழமைகளில் அல்கோன்குயின் ஊழியர்கள் மக்களைக் கூட்டிப்போய் ஓநாய்களைக் கூப்பிடுவார்கள். 1963-இல் தொடங்கிய வழக்கம். முதல்நாள் இரவு ஓநாய்க் கூட்டத்தின் இடம் தெரிந்தால்தான் நடத்துவார்கள், ஆகவே உறுதி இல்லை. வாகனங்கள் வரிசையாக நெடுஞ்சாலையில் போய் நிற்கும், ஊழியர் ஊளையிடுவார், காட்டிலிருந்து பதில் வந்தாலும் வரும். அப்பம்மா வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றே கேட்கலாம். வியாழன் இரவு அங்கே இருக்கும்படி நாட்களைப் போடு.

வேலைப் பட்டியலை வெளிக்கிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் குடும்ப வாட்சப்பில் போடு. பெயர் இல்லாத வரி ஒன்றும் இருக்கக் கூடாது. சின்ன மாமா எப்போதும் ‘எனக்கு எதுவும் ஓகே’ என்றுதான் பதில் போடுவார். அவருக்குத் தினமும் ஐஸ் வாங்குகிற வேலையை எழுதிவிடு. பெரியம்மாவுக்கு ஞாயிறு காலைச் சாப்பாட்டு அணியும், சனி பின்னேரம் முதல் தொப்பியும்.

அன்புடன்,
பெரியம்மா