ரேஸ் சைக்கிள்: தூக்கிப் பார்த்தால் தெரியாதவை

விலை உயர்ந்த ரேஸ் சைக்கிள் ஒன்று ஊருக்குள் வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான்: நடுக்கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். குஜிலியம்பாறை கடைத்தெருவானாலும் சென்னை ஷோரூமானாலும் இதில் மாற்றம் இல்லை. "அடேயப்பா, இவ்வளவு லேசா!" என்ற வியப்போடு சைக்கிளின் தரம் முடிவாகிவிடுகிறது. உச்ச ரகச் சைக்கிள்கள் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. அவ்வளவு பணத்தைத் தூக்கிப் பார்த்து மட்டும் முடிவு செய்வது ஆபத்து.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? கணக்குப் போட்டே பார்க்கலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது உயரம் சுமார் 1,800 மீட்டர் கூடுகிறது. ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ. தொடர்ந்து 150 வாட் சக்தியில் மிதிக்கிற, ஓரளவு பழகிய கால்கள். ஏறி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சைக்கிளில் ஒரு கிலோவைக் குறைத்தால் அந்த மலைப்பாதை முழுவதிலும் மிச்சமாவது சுமார் இரண்டு நிமிடம். போட்டியில் ஓடுகிறவருக்கு அது பெரிய லாபம்தான். ஆனால் குஜிலியம்பாறையிலிருந்து எரியோடு வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையிலும், வடக்கே கரூர் போகும் சாலையிலும் ஓட்டுகிறவருக்கு? சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு கிலோ மிச்சப்படுத்துவது அரை வாட்கூட இல்லை. உலக சைக்கிள் அமைப்பான யு.சி.ஐ., 2000-ஆம் ஆண்டு முதல் போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. உலகின் தலைசிறந்த வீரர்களே அந்த வரம்பில் நின்றுதான் போட்டி போடுகிறார்கள்.

சமவெளியில் உண்மையான எதிரி காற்று. 30 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டுகிறவரின் உழைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் காற்று தின்றுவிடுகிறது. அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பகுதி வருவது ஓட்டுகிறவரின் உடம்பால். சைக்கிளின் பங்கு அதில் சிறிது.

இதற்கு 1989-ஆம் ஆண்டின் டூர் தெ பிரான்ஸ் போட்டியைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு மோதும் ஓட்டம். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். முன்னால் இருந்தவர் பிரான்ஸின் லோரான் ஃபினியோன். லெமாண்டின் சைக்கிளில் முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிக் குறுகிக்கொள்ளும்படியான ஹேண்டில்பார் இருந்தது. தலையில் காற்றை ஒதுக்கும் கவசம். ஃபினியோன் கவசம் இல்லாமல், கட்டிய தலைமுடி பின்னால் ஆட ஓட்டினார். அன்று லெமாண்ட் 58 விநாடி முந்தினார். மூன்று வாரப் பந்தயம் முழுவதையும் வெறும் 8 விநாடியில் வென்றார். உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று அந்த ஒரு பிற்பகல் உலகத்துக்குக் காட்டிவிட்டது.

ஆகவே சைக்கிளைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் ஒரு மணி நேரம் குனிந்து ஓட்ட நம் முதுகு தாங்குமா?" என்பது. உச்ச ரக ஃபிரேம்கள் பெரும்பாலும் போட்டிக்காரர்களின் வளையும் உடம்புக்காகச் செய்யப்பட்டவை. ஹேண்டில்பார் தாழ்ந்தும் எட்டவும் இருக்கும். நாற்பது வயதில் ஓட்டத் தொடங்குகிறவருக்கு அதே கம்பெனியின் சற்று நிமிர்ந்த ஃபிரேம் குறைந்த விலையில் அதிக வேகம் தரும், ஏனென்றால் அவரால் அதில் நிலையாக உட்கார முடியும். சீட் உயரத்துக்கு லெமாண்ட் பின்பற்றிய கணக்கு இன்றும் நல்ல தொடக்கம்: வெறுங்காலில் நின்று, கவட்டியிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் என்றால், பெடல் தண்டுகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை 70.6 சென்டிமீட்டர். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த வலி போகாது.

"டயர் மெல்லிசாக, கல் மாதிரி காற்று அடித்திருந்தால்தான் ஓடும்" என்பது அடுத்த நம்பிக்கை. போட்டிக்காரர்களே நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் டயரில் அப்படித்தான் ஓட்டினார்கள். இன்று அவர்கள் 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். கண்ணாடி போன்ற தரையில்தான் இறுகிய டயருக்குச் சாதகம். கரிக்காலி சிமென்ட் ஆலைப் பக்கம் லாரிகள் ஓடி ஓடித் தேய்ந்த தார் சாலையில் அது துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் முன்னே போக வேண்டிய சக்தி கையையும் இடுப்பையும் குலுக்குவதில் வீணாகும். ஆகவே ஃபிரேமில் எத்தனை மில்லிமீட்டர் டயர் வரை நுழையும் என்று கேட்பது அவசியம். பழைய ரேஸ் ஃபிரேம்கள் பல 25-க்கு மேல் இடம் கொடுக்காது. சாலையோரமெங்கும் சீமைக் கருவேலம் நிற்கிற நாட்டில் டியூப் இல்லாத டயரும் அதற்குள் ஊற்றும் அடைப்புத் திரவமும் ஆடம்பரம் இல்லை. சிறு முள் துளைகள் ஓடும்போதே அடைபட்டுவிடும்.

கார்பன் இழையால் செய்த ஃபிரேம் வெயிலில் இளகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நல்ல கார்பன் ஃபிரேமின் பிசின் இளகத் தொடங்க 100 டிகிரிக்கு மேல் வேண்டும். திண்டுக்கல் சித்திரை வெயில் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பயப்பட வேண்டிய சூடு வேறு இடத்தில் இருக்கிறது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் கார்பன் ரிம்மும் சேர்ந்த சைக்கிளில் கொடைக்கானல் மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், ரிம் சூடேறிக் கெட்டுப்போகலாம். டிஸ்க் பிரேக்கில் அந்தக் கவலை இல்லை. சாலைப் போட்டிகளில் அதை யு.சி.ஐ. முழுமையாக அனுமதித்தது 2018-இல்.

பழைய கார்பன் சைக்கிளை வாங்குகிறவருக்கு இன்னொரு எச்சரிக்கை. இரும்பு அடிபட்டால் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே பிரிந்திருக்கலாம். நாணயத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே வந்து, எங்காவது ஓசை மந்தமாகிறதா என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் வாங்கக் கூடாது.

வெளிநாட்டுப் பெயர் இருந்தால் ஐரோப்பாவில் செய்தது என்றும் நினைக்க வேண்டாம். பல ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களின் கார்பன் ஃபிரேம்கள் தைவானிலும் சீனாவிலும் உருவாகின்றன. 1972-இல் தொடங்கிய தைவானின் ஜயன்ட் நிறுவனமே மற்றவர்களுக்குச் செய்துகொடுத்து வளர்ந்ததுதான். நம் பக்கத்தில், 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 2011-இல் மோன்ட்ரா என்ற பெயரில் உயர் ரகத்துக்கு வந்தது.

பழுது பார்ப்பதையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். பஞ்சர் ஒட்டவும் ஸ்போக்ஸ் கம்பி இழுக்கவும் உள்ளூர்க் கடைக்காரரைவிடக் கைதேர்ந்தவர் கிடையாது. ஆனால் பேட்டரியில் இயங்கும் கியருக்கும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குக்கும் மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டியிருக்கும். கியர், பிரேக் பாகங்களில் ஷிமானோவின் நடுத்தர 105 ரகம் போதுமான இடத்தில் அதன் உச்ச ரகமான டூரா-ஏஸுக்குப் பணம் கொட்டுவதால் கிடைப்பது பெரும்பாலும் எடைக் குறைவுதான். அந்த எடைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மேலே பார்த்தாயிற்று.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் உடம்பு அளவு எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது, முடிந்தால் குண்டும் குழியுமான சாலையில், ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் அவ்வளவு பணத்தைக் கொடுக்காதீர்கள்.