ஒரே ஊர், ஒரே காற்றா?

கேள்வி: மலாக்கா நிலையம் காட்டும் காற்றுமாசுக் குறியீடு அம்மாநிலத்து உம்பாயில் எல்லாருக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அது நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றின் கணக்கு; ஈக்கான் பாக்கார் (சுட்ட மீன்) கடையில் மாலை முழுக்கக் கரியடுப்பருகே நிற்பவருடைய மூச்சின் கணக்கல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆய்வாளர் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு, யார் எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டு, அங்கங்கே அளந்த நுண்தூசியோடு சேர்த்துக் கணக்கிட்டது. 2002இல் வெளியான முடிவில், விறகு போன்றவற்றை எரிக்கும் வீடுகளில் சமைத்தவர்களின் நாள் சராசரி கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவர்களுக்கு 90 வரை இறங்கியது. நினைவிலிருந்து சொல்லும் நேரம் பிசகாதா? பிசகும்தான். ஆனால் அரைமணிப் பிசகால் இந்த இடைவெளி மறையாது. 2013 ஜூன் புகைமூட்டத்தில் ஜோகூரின் மூவாரில் குறியீடு 700ஐத் தாண்டியதே, அப்படிப்பட்ட நாளில் வெளிக்காற்றே எல்லாரையும் ஆளும். அன்றும் மரம் வெட்டப் போனவரும் கதவடைத்து இருந்தவரும் ஒரே அளவு சுவாசிப்பதில்லை.