திரைச்சீலை மாட்ட எது சரி? துணிக்கு முன் சுவரைப் பாருங்கள்

திரைச்சீலைக்குத் துணி எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். அதைத் தாங்கப்போகும் கம்பியையும் பிராக்கெட்டையும் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வந்துவிடுகிறோம். ஆறு மாதம் போனால் ஒரு பக்கத்து பிராக்கெட் சுவரைவிட்டு மெல்ல விலகும். பிறகு ஒருநாள் காரையைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழும். ‘துணி கனம் அதிகம்’ என்று சொல்லி, அதே இடத்தில் இன்னும் பெரிய ஓட்டை போட்டு, அதே பிராக்கெட்டை மறுபடி மாட்டுவார்கள்.

துணியின் கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தடி அகல ஜன்னல், ஏழடி உயரத் திரை. மடிப்பு அழகாக விழ ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும். ஆக எழுபது சதுர அடி, சுமார் ஆறரை சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த துணி என்றாலும் மொத்தம் இரண்டு கிலோதான். இரண்டு பிராக்கெட்டும் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு ஒரு கிலோ. இதைத் தாங்க முடியாத சுவரே கிடையாது. பிராக்கெட்டைக் கழற்றுவது நம் கை. காலையில் அவசரமாக வெடுக்கென்று இழுக்கிறோம். பிள்ளை திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தொங்குகிறது. கட்டிலிலிருந்து எழும் பெரியவர் பிடிமானத்துக்குத் துணியைப் பற்றுகிறார். அப்போது ஒரே பிராக்கெட்டில் பதினைந்து கிலோ விழலாம். அந்த நொடிக்காகத்தான் கம்பியையும் பிராக்கெட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிராக்கெட் ஒரு நெம்புகோல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். கம்பி சுவரிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது, தகட்டின் அடிவிளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூ நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். பதினைந்து கிலோ இழுப்பு வந்தால் அடிவிளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ளும். மேல் ஸ்க்ரூவை ஏறத்தாழ 34 கிலோ விசையோடு வெளியே பிடுங்கும். சுத்தியலின் பிளவில் ஆணியை மாட்டிப் பிடுங்குவதுபோலத்தான். தகடு உயரமாக இருந்து, மேல் ஸ்க்ரூ எட்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் போனால் அதே இழுப்பில் 16 கிலோதான் வரும். விலை கூடவில்லை, இரும்பு தடிக்கவில்லை. ஸ்க்ரூ இருக்கும் இடம் மாறியதில் பாதிச் சுமை போய்விட்டது.

ஆகவே கடையில் பிராக்கெட்டைக் கையில் எடுத்ததும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். தகடு நெட்டையாக இருக்கிறதா, கை குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்று அதிகம் விற்கும் வட்டத் தகட்டில் இரண்டு துளைதான் இருக்கும். ஆசாரியோ எலக்ட்ரீஷியனோ அதைக் கிடைமட்டமாக வைத்து முடுக்கிவிட்டால் இரண்டு ஸ்க்ரூவும் தகட்டின் நடு உயரத்தில் நின்றுவிடும். முடிந்தவரை ஒன்று மேலும் ஒன்று கீழும் வரும்படி தகட்டைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: கனமாகத் தெரியும் வார்ப்பு பிராக்கெட்டுகள் பலவும் துத்தநாகக் கலவையில் ஊற்றியவை. அவை வளையாது, சட்டென்று உடையும். இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த பிராக்கெட் பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். என் தேர்வு அதுதான்.

இனி சுவர். ஓட்டை போடும்போது உதிரும் தூளைக் கவனித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். முதலில் வருவது பூச்சுத் தூள். உட்சுவரில் பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளாக வந்து, டிரில் முன்னேறாமல் அதிர்ந்தால் ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் லின்டல். வெள்ளையாக, மாவுபோல, எதிர்ப்பே இல்லாமல் கொட்டினால் அது ஏஏசி எனப்படும் எடை குறைந்த கல். சற்றுத் தூரம் போனதும் டிரில் திடீரென உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்.

பிராக்கெட் பாக்கெட்டுக்குள் இலவசமாக வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் ஒரு அங்குல நீளம். 25 மில்லிமீட்டரில் 12 மில்லிமீட்டர் பூச்சிலேயே போய்விடுகிறது. பூச்சு எதையும் பிடித்து நிறுத்தாது. செங்கல் சுவருக்கு 8 மில்லிமீட்டர் பிட்டால் ஓட்டை போட்டு, இரண்டு அங்குல நைலான் பிளக் அடித்து, பிளக்கைவிடச் சற்று நீளமான ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். நீங்கள் எந்தக் கம்பி வாங்கினாலும் இந்த ஒரு மாற்றம் தரும் பலன் வேறெதிலும் கிடையாது. ஓட்டை செங்கலின் நடுவில் விழுவது நல்லது. இரண்டு செங்கலுக்கு நடுவிலுள்ள சாந்தில் விழுந்தால் பிடி தளரும். ஓட்டைக்குள் மரத்துண்டை அடித்து அதில் ஸ்க்ரூ ஏற்றும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. மரம் வெயில் காலத்தில் காய்ந்து சுருங்கும், ஸ்க்ரூ ஆடத் தொடங்கும். சுவருக்குள் விரிந்து பிடிக்கும் பிளக்கைப் பிரிட்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1910களில் சணல்நாரில் செய்து பிரபலமாக்கினார். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் அதை நைலானில் வடிவமைத்தார். முடுக்க முடுக்க விரிந்து சுவரை நெருக்கும் அந்தச் சிறு பொருள் சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது மரத்துண்டுக்குத் திரும்பிப் போகக் காரணமே இல்லை.

கான்கிரீட்டில் ஹாமர் டிரில் தேவை; உள்ளிருக்கும் இரும்புக் கம்பி தட்டினால் முரண்டு பிடிக்காமல் ஓட்டையைச் சற்று நகர்த்திவிடுங்கள். ஏஏசி கல்லில் இதற்கு நேர் எதிர்: ஹாமரை அணைத்துவிட்டுச் சாதாரணச் சுழற்சியில் துளைக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டை அகன்று பொலபொலத்துவிடும். அந்தக் கல்லுக்கென்றே செதில் வைத்த நீளமான நைலான் பிளக் கிடைக்கிறது. ஹாலோ பிளாக்கில் வெற்றிடத்துக்குள் போய் முடிச்சுப்போல மடிந்துகொள்ளும் பிளக் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டுச் சுவர் எந்த பிளக்குக்கும் சரியாக மசியாது. அங்கே ஜன்னலின் மர நிலையைப் பயன்படுத்துங்கள். சிறு பிட்டால் வழித்துளை போட்டு மர ஸ்க்ரூவை ஏற்றினால் அந்த வீட்டிலேயே உறுதியான பிடி அதுதான். திரை ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் விரியாது, ஓரத்தில் வெளிச்சம் கசியும். ஆனாலும் விழாது.

நிலையும் இல்லை, சுவரும் உதிர்கிறது என்றால் பலகை வழி இருக்கிறது. ஜன்னல் அகலத்தைவிட இருபுறமும் ஓரடி நீளமான, நான்கு அங்குல அகலப் பலகையைச் சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, ஆறேழு இடத்தில் சுவரோடு முடுக்கிவிடுங்கள். பிராக்கெட்டைப் பலகையில் மாட்டுங்கள். ஒரு ஸ்க்ரூவில் வரும் இழுப்பை ஆறேழு பகிர்ந்துகொள்ளும். சுவரில் நல்ல இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஓட்டை போடலாம், பிராக்கெட்டை அளவுப்படி வேண்டிய இடத்தில் வைக்கலாம். கம்பி மாற்றினாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மேம்பாடுகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

கம்பியில் பொதுவாக முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று இரண்டு கனம் கிடைக்கும். குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுகிறது. எனவே ஒரே தகட்டுக் கனத்தில் முக்காலிலிருந்து ஒன்றுக்குப் போனாலே விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டும். நீளமோ இதைவிடக் கடுமை: தாங்கலுக்கும் தாங்கலுக்கும் நடுவே தூரம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு. ஐந்தடி வரை இரண்டு பிராக்கெட் போதும். ஆறடியைத் தாண்டினால் நடுவில் ஒன்று கட்டாயம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று முலாம் பூசிய இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், 304 அதைவிட நன்றாகத் தாங்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு. எனவே நடுத் தாங்கலை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் கம்பியை நீளத் திரைக்கு வாங்காதீர்கள். குழாய் மாறும் படியில் வளையம் தட்டும், தொய்வும் அங்கேதான் தொடங்கும்.

நடு பிராக்கெட் என்றதும் அடுத்த சிக்கல் வருகிறது. ஐலெட் திரையின் வளையம் கம்பியை முழுதாகச் சுற்றியிருக்கிறது. நடு பிராக்கெட்டைத் தாண்டாது. ஆகவே அகல ஜன்னலில் ஐலெட் என்றால் திரை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் பக்கத்திலேயே ஓட வேண்டும். முழுத் திரையையும் ஒரே பக்கம் ஒதுக்க முடியாது. பால்கனிக் கதவுக்கு இது பெரிய தொல்லை. மற்றபடி ஐலெட்டுக்கு நல்ல குணங்கள் உண்டு: கழற்றித் துவைத்து மாட்டச் சுலபம், கொக்கி தொலையாது, எந்த ஊரிலும் தைத்துத் தருவார்கள். தைக்கக் கொடுக்கும்போது ஒரு திரைக்கு ஐலெட் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரு ஓரமும் சுவர்ப்பக்கம் மடியும். கடைசி ஐலெட்டை பிராக்கெட்டுக்கும் முனைக்குமிழுக்கும் நடுவில் போட்டால் திரையின் வெளி ஓரம் நகராது.

சேனலில் நடு பிராக்கெட் என்ற தடையே கிடையாது. அலுமினியச் சேனலுக்குள் ரன்னர்கள் ஓடுகின்றன, பிடிமானம் முழுவதும் மேலே. பன்னிரண்டடிச் சேனலிலும் திரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையின்றிப் போகும். இரண்டடிக்கு ஒரு பிடி கொடுக்கலாம், ஆகவே சுமை பரவுகிறது. சுவரை ஒட்டியோ கூரையிலோ மாட்டுவதால் நெம்புகோலின் கை மிகக் குட்டை. வலிமை, ஓட்டம், இருட்டடிப்பு மூன்றிலும் சேனலே மேல் என்பது என் தீர்ப்பு. பகலில் தூங்க வேண்டிய இரவுப்பணிக்காரர் அறைக்கு, சேனலின் இரு முனையையும் சுவர்வரை வளைத்துவிட்டால் ஓரவெளிச்சமும் அடைபடும். குறை என்னவென்றால், பார்வைக்கு வெறுமையாக இருக்கும். துணியில் கொக்கி நாடா தைக்க வேண்டும். மலிவான ரன்னர் வெயிலில் நொறுங்கும். ஐந்தாறு ரன்னர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய வலைத்துணி ஒன்று, தடித்தது ஒன்று என இரட்டைத் திரை வேண்டுமானால் இரட்டைக் கம்பி பிராக்கெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிக்கம்பி பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகிறது. கனமான துணி மாட்டப்படுவதும் அதில்தான். உள்ளே சுவரை ஒட்டி மெல்லிய துணிக்குச் சேனல், வெளியே கம்பி என்று பிரித்தாலே தூரம் குறையும். இரண்டுமே சேனல் என்றால் இன்னும் நல்லது.

இரு கொக்கிகளுக்கிடையே இழுத்து மாட்டும் ஸ்பிரிங் கம்பி மலிவு, அடுக்களை அலமாரிக்கும் சிறு ஜன்னலுக்கும் போதும். அதற்கு மேல் போகாதீர்கள். ஐந்தடி அகலத்தில் ஒன்றரை கிலோ துணியை ஓர் அங்குலத் தொய்வுக்குள் நிறுத்த வேண்டுமென்றால், கம்பி இரு முனையிலும் பதினோரு கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொக்கி பிடுங்கிக்கொள்ளும், அல்லது கம்பி தளரும். வாடகை வீட்டில் ஓட்டை போட அனுமதி இல்லை என்றால், ஜன்னல் குழிவின் இரு பக்கச் சுவர்களுக்கிடையே அழுத்திப் பொருந்தும் ஸ்பிரிங் ராடு நல்ல வழி: நான்கடிக்குள், மெல்லிய பருத்தித் துணிக்கு மட்டும். பசை ஒட்டும் கொக்கியை நம்ப வேண்டாம்; பசை பிடித்தாலும் டிஸ்டெம்பர் சுவரைவிட்டு உரிந்துவிடும்.

கயிறு இழுத்துத் திறக்கும் சேனலும் மடக்குத் திரையும் வாங்குபவர்கள், வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தயவுசெய்து ஒரு கணம் நில்லுங்கள். தொங்கும் கயிற்று வளையம் குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிர்போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2018 இறுதியில் நடைமுறைக்கு வந்த தரவிதி, கடையில் ஆயத்தமாக விற்கும் மடக்குத் திரைகளில் தொங்கும் கயிறே இல்லாமல் செய்யச் சொன்னது. கயிறு தவிர்க்கவே முடியாதென்றால் அது தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழே வரக்கூடாது, அருகில் கட்டிலோ நாற்காலியோ இருக்கக்கூடாது. கையால் தள்ளும் நீளக் குச்சி ஒன்றைத் திரையின் ஓரத்தில் மாட்டினால் கயிறு தேவைப்படாது. துணியைப் பிடித்து இழுப்பதும் நின்றுவிடும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால், ஜன்னலை ஒட்டி ஆறு அங்குலப் பள்ளம் விட்டு, அதற்குள் பிளைவுட் பட்டையைக் கூரைக் கான்கிரீட்டோடு பிடிக்கச் சொல்லுங்கள். வெறும் ஜிப்சம் போர்டில் சேனலை முடுக்கினால் நிற்காது. பின்னாளில் மோட்டார் வைக்க நினைப்பவர்கள் அந்தப் பள்ளத்தின் ஒரு முனையில் மின்இணைப்புப் புள்ளி கேட்டுவிடுங்கள். சுவரை மறுபடி வெட்ட வேண்டியிராது. லின்டல் வார்க்கும்போது அதை ஜன்னலின் இருபுறமும் ஓரடி கூடுதலாக நீட்டச் சொன்னால் பிராக்கெட் விழும் இடம் கான்கிரீட்டாகிவிடும். பூச்சு வேலைக்கு முன்பே அந்த இடங்களைப் போட்டோ எடுத்து, தரையிலிருந்து உயரத்தையும் ஜன்னல் விளிம்பிலிருந்து தூரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிரில் போட வருபவரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.