சாவித்திரிபாய் எழுதிய கடிதம்

1856-ஆம் ஆண்டு. மகாராட்டிரத்தில் நாய்காவ் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்த வீட்டில் சாவித்திரிபாய் தங்கியிருந்தார். நோயில் படுத்துத் தேறிக்கொண்டிருந்தார். கணவர் ஜோதிராவ் புலே புனே நகரில் இருந்தார். கணவருக்குச் சாவித்திரிபாய் ஒரு கடிதம் எழுதினார்.

மனைவி கணவருக்குக் கடிதம் எழுதுவது அதிசயமா? அந்தக் காலத்தில் அதிசயம்தான். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பலர் நம்பினார்கள்.

அவர்களுக்கு 1840-இல் திருமணம் நடந்தது. ஜோதிராவுக்கு 13 வயது. சாவித்திரிபாய்க்கு 9 வயது. குழந்தைத் திருமணம் அன்று வழக்கம். இன்று அது குற்றம்.

சாவித்திரிபாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜோதிராவ் வீட்டிலேயே மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். 1848-இல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். சாவித்திரிபாய் அங்கே ஆசிரியர் ஆனார்.

பள்ளிக்குப் போகும் வழியில் சிலர் அவர்மீது சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். அவர் மாற்றுப் புடவையைக் கையில் எடுத்துப் போனார். பள்ளியை நிறுத்தவில்லை. ஜோதிராவின் தந்தை ஊருக்குப் பயந்தார். வீட்டை விட்டுப் போகச் சொன்னார். கணவனும் மனைவியும் சேர்ந்தே வெளியேறினார்கள். நண்பர் உஸ்மான் ஷேக் தம் வீட்டில் இடம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது? நோயில் தம்மைக் கவனித்துக்கொண்ட சகோதரரைப் பற்றி அவர் எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பாடம் சொல்வது தவறு என்று சகோதரர் ஏசினார். சாதி வழக்கப்படி நடந்துகொள் என்றார். சாவித்திரிபாய் அஞ்சாமல் பதில் சொன்னார். கல்வி கொடுப்பது நல்ல வேலை என்று விளக்கினார். இதை எல்லாம் கணவருக்கு எழுதினார். தாம் இல்லாததால் உடன் வேலை செய்யும் பாத்திமாவுக்குச் சிரமம் ஆகுமே என்றும் கவலைப்பட்டார்.

கணவர் கற்றுக்கொடுத்த எழுத்து அது. ஆனால் அதில் இருந்த எண்ணம் சாவித்திரிபாயின் சொந்த எண்ணம். மனைவி சொந்தமாகச் சிந்திப்பதைக் கண்டு ஜோதிராவ் பயப்படவில்லை. மகிழ்ந்தார். அதனால் அவர்களுடைய அன்பு குறையவில்லை. வளர்ந்தது.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்காக ஜோதிராவ் வேறு பெண்ணை மணக்கவில்லை. ஒரு விதவைத் தாயின் மகனை இருவரும் தத்து எடுத்தார்கள். யஷ்வந்த் என்ற அந்தப் பிள்ளை பின்னாளில் மருத்துவர் ஆனார்.

1888-இல் ஜோதிராவுக்குப் பக்கவாதம் வந்தது. சாவித்திரிபாய் அருகில் இருந்து கவனித்தார். 1890-இல் ஜோதிராவ் காலமானார். இறுதி ஊர்வலத்தில் சாவித்திரிபாயே கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் நடந்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாத காலம் அது.

இன்று கையில் தொலைபேசி இருக்கிறது. “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறோம். அது நல்லதுதான். மனத்தில் இருக்கும் கவலையையும் ஆசையையும் சொல்கிறோமா? ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையாகக் கேட்கிறோமா? ஒருவர் வளர மற்றவர் இடம் கொடுத்தால் இருவர் மனமும் நலமாக இருக்கும்.

சிந்திப்போம்

1. சகோதரர் ஏசியபோது சாவித்திரிபாய் என்ன செய்தார்?
2. மனைவி படிப்பதால் கணவருக்கு என்ன நன்மை?
3. உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். இதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அதில் சொல்லுங்கள்.