முத்துக் கரையும் சங்குக் கடலும்

நவதிருப்பதிகளைச் சேவிக்க வரும் அடியார்களுள் பலர், ஸ்ரீவைகுண்டத்தையும் ஆழ்வார்திருநகரியையும் கண்டதோடு ஊர் திரும்பிவிடுகின்றனர். பொருநை நதி கடலை அடையும் பகுதியையும் கண்டு செல்வது, பாண்டி நாட்டின் பழம்பெருமையை உணரத் துணை செய்யும். நண்பகலில் திருக்கோயில்களின் நடை சாத்தப்படும் இடைவேளையை இதற்குப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

கொற்கை

ஏரலுக்கு அண்மையிலுள்ள கொற்கை, பண்டைப் பாண்டியரின் துறைமுகம். இதன் முத்துக்களைச் சங்கப் புலவர்கள் பலபடப் போற்றியுள்ளனர். தண்டனை பெற்ற குற்றவாளிகள் இங்கு முத்துக் குளித்தனர் என்று, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. இன்று அங்குச் செல்வோர் காண்பது வயல்களையும் வாழைத் தோட்டங்களையுமே. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து, கடல் சில கிலோமீட்டர் கிழக்கே விலகிவிட்டது. வாணிகமும் கடலைப் பின்தொடர்ந்து பழையகாயலுக்குச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து வருணித்த காயல் இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. பழையகாயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது.

முத்துக் குளிப்பு

கடலடியில் சிப்பிகள் செறிந்து வாழும் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். கடல் அமைதியுற்றிருக்கும் பங்குனி, சித்திரைத் திங்களையொட்டிக் குளிப்பு நடைபெறும். கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் பதித்து மூழ்கியவர், மூச்சடக்கிச் சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுப்பார். கயிறு பிடித்தவரின் விழிப்பிலேதான் மூழ்கியவரின் உயிர் இருந்தது. சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்கியவர் அறியார்! பார்கள் வளம் குன்றியமையால், 1961ஆம் ஆண்டிற்குப் பின் இக்கரையில் அரசு முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினர்.

நகரில் காண்பன

வைகுண்டபதிப் பெருமாள் கோயில், சங்கரராமேசுவரர் கோயில், 1713ஆம் ஆண்டில் எழுந்த பனிமய மாதா பேராலயம் ஆகியன நகரில் காணத்தக்கவை. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய ஊரும் இதுவே. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம், 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதனுள் செல்ல முன் அனுமதி பெறுதல் வேண்டும்.

யாத்திரிகர் கவனத்திற்கு

1. இவ்வூரின் புகழ்பெற்ற மக்ரூன், முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துச் செய்யப்படுவது. ஆசாரம் காப்போர் அறிந்து வாங்குக.

2. மன்னார் வளைகுடாச் சங்குகள் பெரும்பாலும் இடம்புரியே. வலம்புரி மிக அரிது. இயல்பாகவே எதிர்ப்புறம் சுழலும் அயல்நாட்டு நத்தை ஓடுகளை வலம்புரி என்று விற்போர் உளர். மெய்யான சங்கின் வாயினுள், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் புடைத்திருக்கும். அவை இல்லாததைப் பூசைக்கென வாங்கி ஏமாறற்க.

3. பவளப் பாறைத் துண்டுகளை எடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததனால் அரண் இழந்து, தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது.

கொற்கையைக் கடல் தானே விட்டு நீங்கிற்று. முத்தும் பவளமும் குன்றியதில் மனிதர் கைக்கும் பங்குண்டு. எனவே கடலின் செல்வத்தைக் கண்ணால் கண்டு மகிழ்ந்து, கடலிடமே விட்டு வருதல் யாத்திரிகர்க்கு அழகாகும்.