ரோஜாவிற்கு ஐப்பசிக் கவாத்து

எட்வர்டு ரோஜா பயிரிட்டுள்ள உழவர்களிடம் கவாத்து பற்றிப் பேசினால், "பூ வருகிற செடியை எப்படி ஐயா வெட்டுவது?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வியே. ஐப்பசியில் தீபாவளிப் பூவுக்கு விலை உண்டு. அதை இழந்து செடியை வெட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் ரோஜா, புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட செடியில் பழைய குச்சிகள் முற்றி, துளிர்கள் மெலிந்து, பூ சிறுத்துவிடும். அந்த முற்றிய குச்சிகளே செதில் பூச்சிக்கும் இருப்பிடமாகும்.

அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் நவம்பர் முதல் வாரம் வரை கவாத்துக்கு ஏற்ற காலம். தீபாவளிப் பூவை முழுவதும் இழக்க விரும்பாதவர்கள், ஆயுத பூஜைக்குப் பூ பறித்த பிறகு பாதித் தோட்டத்தையும், தீபாவளிக்குப் பின் மீதியையும் வெட்டலாம். நவம்பர் முதல் வாரத்தைத் தாண்டவிடக் கூடாது. வெட்டிய செடி ஏறக்குறைய ஆறு, ஏழு வாரங்களில் மீண்டும் பூக்கத் தொடங்கும்.

வெட்டும் முறை

முதலில் காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் குச்சிகளை அடியோடு நீக்கவும். பின்னர் நல்ல கிளைகளைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டவும். செடியின் வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக வெட்டுவது நல்லது. மழுங்கிய கத்தி குச்சியை நசுக்கிவிடும். ஆகவே கூரான கவாத்துக் கத்தரியையே பயன்படுத்த வேண்டும்.

இந்தப் பருவத்தில் வடகிழக்கு மழையும் சேர்ந்துகொள்வதால், வெட்டுவாயின் வழியே பூசணம் நுழைந்து, குச்சி நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். இதுவே நுனிக்கருகல் நோய். "கவாத்து செய்ததால் செடி செத்தது" என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் வெட்டுவாயில் மருந்து தடவப்பட்டிருக்காது. எனவே மழை விட்ட நாளில் வெட்டி, அன்றே போர்டோ பசை தடவ வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, பின் ஒன்றாகக் கலக்கினால் பசை தயார். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தயாரிக்கவும். பழைய பிரசுரங்களில் இதனுடன் கார்பரில் மருந்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கும். அம்மருந்து 2018-ல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பசை மட்டுமே போதும்.

ஏற்கனவே கருகிய குச்சியாக இருந்தால், கருகலுக்குக் கீழே பச்சைப் பகுதியும் சிறிது சேர வெட்டி எரித்துவிடவும்.

செதில் பூச்சி

தண்டில் செம்பழுப்பு நிறப் பொருக்குகள் படிந்திருந்தால், பலர் அதைப் பட்டை நோய் என்று எண்ணிப் பூசண மருந்து தெளிக்கிறார்கள். காசுதான் வீண். நகத்தால் ஒரு பொருக்கைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் மென்மையான பூச்சி இருக்கும். அது இடம் பெயராமல் சாற்றை உறிஞ்சியே குச்சியைக் காயவைத்துவிடும். மேலே கூடு இருப்பதால் தெளிக்கும் மருந்து எளிதில் உள்ளே சேராது.

இலையும் குச்சியும் குறைந்திருக்கும் கவாத்து சமயமே இதை ஒழிக்க வசதியானது. அதிகம் தாக்குண்ட குச்சிகளை வெட்டி எரிக்கவும். எஞ்சிய தண்டுகளை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கவும். இளந்தளிரில் எண்ணெய் படக்கூடாது. பின்னர் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்து, தண்டு நனையத் தெளிக்கலாம்.

உரம்

கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரத்துடன் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முறையே 6, 12, 12 கிராம் தேவை. அதாவது யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நட்ட பத்து செண்டில் சுமார் 200 செடிகள் இருக்கும். அதற்கு யூரியா 2.6 கிலோ, சூப்பர் 15 கிலோ, பொட்டாஷ் 4 கிலோ, தொழு உரம் 2 டன் ஆகும். தண்டை ஒட்டிப் போடாமல், சற்றுத் தள்ளி வட்டமாக இட்டு, மண் அணைத்து நீர் பாய்ச்சவும். ஜூலையில் இதே அளவில் மீண்டும் ஒரு முறை இட வேண்டும். செடி செழிக்கட்டும் என்று யூரியாவைக் கூட்டினால் தளிர் கொழுத்து, சாம்பல் நோய்க்கு இடமாகும்.

அந்நோய் கண்டால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் வெயில் ஏறுமுன் தெளிக்கவும். இலையில் கரும்புள்ளி தோன்றினால் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்து, கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் வீதம் தெளிக்கலாம். தண்ணீரை இலை மேல் ஊற்றாமல் அடியில் பாய்ச்சினால் இந்நோய் பெரிதும் குறையும்.